பட்டியலில் இல்லாத கேமரா

அடி அண்ணாமலை
18.9.2005

அண்ணா,

இந்த மூன்று வருடத்தில் உன் கடிதங்களுக்கு நான் ஒரு பக்கத்துக்கு மேல் பதில் போட்டதில்லை. இன்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்குத் தொண்டையில் இருப்பது புற்றுநோய்தான் என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், மூச்சு அதன் வழியாக. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். பேச்சுதான் இனிமேல் இல்லை. அப்பா டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தத் தேதி வரைக்கும் பேசலாம் சார்?" லைசென்ஸ் புதுப்பிக்கிற தேதியைக் கேட்பது போல இருந்தது.

நீ ஷார்ஜாவிலிருந்து கீழ்பென்னாத்தூர்க்காரரிடம் கொடுத்தனுப்பிய கேமரா ஏழு மாதமாக பீரோ மேல் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. "அவன் பொருள அவனே வந்து எடுத்துக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். நேற்றுக் காலையில் அவரே நாற்காலி போட்டு ஏறி எடுத்தார்.

"இதுல பேசுனா அவனுக்குப் போவுமா?"

"போவும்பா."

"எவ்ளோ நேரம் பேசலாம்?"

"ஒரு மணி நேரம்."

"அவ்ளோ ஜாஸ்தி எதுக்கு? நான் இன்னா எலெக்‌ஷன்லயா நிக்கறேன்?"

முகம் சவரம் செய்துகொண்டு, பஸ் ஓட்டிய காலத்துக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேமராவை அரிசி டிரம் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். "நீ வெளியே இருமா. கதவச் சாத்திக்கோ. அப்புறமும் நீ இதக் கேக்கக் கூடாது. அவன் மட்டுந்தான்" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். காதில் விழாமல் இருக்க, கழுவிய பாத்திரங்களையே குழாயடியில் போட்டு மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தவர் வெந்நீர் கேட்டார்.

பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். சட்டைப் பை தெரிந்தது, அவர் கனைக்கிறார். உடனே நிறுத்திவிட்டேன்.

கேசட்டைத் தபாலில் அனுப்ப எனக்கு தைரியமில்லை. இருப்பது ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டரில் ஏற்றி சிடியாக அனுப்புகிறேன். ஆசிரமத்துப் பக்கம் நான் வேலை பார்க்கும் வாசகசாலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கேமராவோடு வந்த சிடியைப் போட்டால், இந்தக் கம்ப்யூட்டர் பழசு, ஏற்காது என்கிறது. எந்த சாப்ட்வேர் வாங்க வேண்டும் என்று கேட்டு எழுது. வழக்கம் போல வாசகசாலை விலாசத்துக்கே எழுது.

மதிவதனி


ஷார்ஜா
30.9.2005

மதி,

உன் கடிதம் நேற்று வந்தது. ஆபரேஷன் முடிந்து எட்டு நாள் ஆகியிருக்கும், இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அறையில் ஏழு பேர். பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் ஒன்று சொல். திட்டினாரா? சத்தியம் செய்ததெல்லாம் சரி. கதவுக்கு இந்தப் பக்கம்தானே இருந்தாய், சத்தம் ஏறியதா இறங்கியதா என்றாவது தெரிந்திருக்குமே? அம்மா காரியத்துக்கு நான் வராததற்கு, பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது என்று சொன்னபோது, "டிக்கெட் எடுக்காதவன் செக்கர்கிட்ட சொல்ற கதை" என்று போனை வைத்தவர். அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை. இனிமேல் கேட்க வேண்டுமென்றால் அந்தக் கேசட்டில்தான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாலக்காட்டுக்காரர் இருக்கிறார், ஊரில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்தவர். அவர் சொன்னதை எழுதுகிறேன். கேமராவோடு வந்த யுஎஸ்பி ஒயர் போட்டோவுக்கு மட்டும்தான். வீடியோ வர பையர்வயர் என்று தனி ஒயர் வேண்டும், அதைச் செருக கம்ப்யூட்டரில் ஒரு கார்டு போட வேண்டும். கம்ப்யூட்டரில் எக்ஸ்பி ஏற்றினால் அதிலேயே ஓசியாக ஒரு சாப்ட்வேர் வரும், ஆனால் நம் கேமரா அதற்குத் தெரியுமோ தெரியாதோ. காசு கொடுத்து வாங்குகிற சாப்ட்வேர் என்றால், எந்தெந்தக் கேமராவோடு வேலை செய்யும் என்று உள்ளே பட்டியல் இருக்கும். நம் கேமராவின் நம்பர் அதில் இருந்தால் வாங்கு. நம்பர் கேமராவின் அடியில் இருக்கிறது.

டிவியில் மாட்டி சாதாரண வீடியோ கேசட்டில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். குரல் கரகரவென்று ஆகிவிடுமாம். எனக்கு அவர் குரல் அப்படியே வேண்டும்.

மாறன்


அடி அண்ணாமலை
16.10.2005

அண்ணா,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்துக் குழாயை நானே துடைக்கக் கற்றுக்கொண்டேன். பேச ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் அதில் எழுதியது: "காபி." இரண்டாம் நாள்: "அனுப்பிட்டியா?" அதன் பிறகு தினமும் அதேதான். காலையில் எழுந்ததும் சிலேட்டைத் துடைத்து, எழுதி, நான் வேலைக்குக் கிளம்பும்போது தூக்கிக் காட்டுகிறார்.

நீ கேட்டதற்குப் பதில்: சத்தம் ஏறியதா என்று எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் குழாயடிக்குப் போனேன்.

ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அப்பாவே எல்லாம் எடுத்து வைத்தார். வண்டி, அரிவாள், அம்மாவின் தையல் மெஷின், வரிசையில் கடைசியாக உன் கேமரா. நான் பூ வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தார். கேசட் தனியாக வெற்றிலை மேல் இருந்தது. கேமராவுக்கு சாமந்தி கூட வைத்திருந்தார். உன் பெயரைச் சொல்லக்கூடாது என்று மூன்று வருடம் சட்டம் போட்டவர். கற்பூரம் காட்டி முடித்ததும் கேசட்டை அவரே கேமராவுக்குள் போட்டு மூடி, துண்டால் துடைத்து, என் கையில் கொடுத்தார். நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

சாப்ட்வேர் கதை வேறு. வாசகசாலைக் கம்ப்யூட்டரில் எக்ஸ்பி ஏற்றிக்கொண்டேன். கார்டும் ஒயரும் சென்னையில் இருந்து பஸ் பார்சலில் வந்தன. அந்த ஓசி சாப்ட்வேரில் கேமராவின் பெயர் தெரிந்தது. படம் வரவில்லை. வெறும் நீலம். ரீவைண்ட் செய்து நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். பிறகு இரண்டு சாப்ட்வேர்களின் பட்டியலை அச்செடுத்து விரலை வைத்துப் படித்தேன். ஒன்றில் நூற்றுப் பன்னிரண்டு கேமரா. நம் நம்பருக்கு முந்தியது இருக்கிறது, பிந்தியது இருக்கிறது, நம்முடையது இல்லை. பரீட்சை ரிசல்ட்டில் நம்பர் இல்லாத பிள்ளையைப் போல திரும்பத் திரும்ப அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எது வாங்கலாம்? சீக்கிரம் எழுது. சிலேட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

மதி


ஷார்ஜா
28.10.2005

மதி,

நீலம் வந்தால் சாப்ட்வேர் கேமராவைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தமாம். ஒயர் மாட்டியிருக்கும்போது கேமராவின் சின்னத் திரையும் நீலமாகத்தான் இருக்கும், பயப்படாதே என்கிறார் பாலக்காட்டுக்காரர். இதோடு ஒரு சிடி வைத்திருக்கிறேன், மூன்று சாப்ட்வேர் இருக்கிறது. மூன்றாவதில் நம் கேமராவின் நம்பரையே கண்ணால் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முழுதாக ரீவைண்ட் செய்து, முதலில் இருந்து ஓட்டிப் பார். ஒரு தடவையில் வராவிட்டால் விட்டுவிடாதே.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நீ அதைக் கேட்டுவிட்டாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டுவிட்டு, இதை இவன் தாங்கமாட்டான் என்று நினைத்து, சாப்ட்வேர் மேல் பழி போட்டு நாளைக் கடத்துகிறாயோ என்று. நீ அப்படிச் செய்யக்கூடியவள்தான். அம்மாவுக்கு முடியாமல் போனபோது "காய்ச்சல்தான்" என்று எனக்கு எழுதியவள் நீ. அன்று உண்மையை எழுதியிருந்தால் கம்பெனிக்காரன் காலிலாவது விழுந்து கிளம்பியிருப்பேன்.

என்னவாக இருந்தாலும் அனுப்பு. வெட்டாமல் அனுப்பு. அவர் என்னைச் சபித்திருந்தாலும் எனக்கு அது வேண்டும்.

மாறன்


அடி அண்ணாமலை
12.11.2005

அண்ணா,

காய்ச்சல் என்று எழுதச் சொன்னது அம்மா. "புள்ள வேல கெட்டுடும், கம்மியா எழுது" என்றார். கம்மியாக எழுதினேன். இத்தனை நாள் உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், இறந்தவர் மேல் போட்டுத் தப்பிக்கப் பிடிக்கவில்லை. இப்போது நீ கேட்டதால் சொல்கிறேன். கோபத்தில் சொல்கிறேன் என்பதும் உண்மை.

உன் மூன்று சாப்ட்வேரையும் போட்டேன். ஒவ்வொன்றிலும் முழுதாக ரீவைண்ட் செய்து, முதலில் இருந்து ஓட்டினேன். முதலாவதில் மூன்று முறை, இரண்டாவதில் நான்கு, நம்பர் இருந்த மூன்றாவதில் ஏழு முறை. நீலம்தான். கடைசியில் கேமராவுக்குள் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

கீழ்பென்னாத்தூரில் எழில் என்று ஓர் அக்கா கல்யாண மிக்ஸிங் செய்கிறார். கொட்டும் மழையில் கேமராவை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே, "ஐப்பசி முகூர்த்தம், தலைக்கு மேல வேல. எவன் கல்யாணம் நின்னாலும் என் மிக்ஸிங் நிக்காது, வெச்சிட்டுப் போம்மா" என்றார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே வரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, கேமராவா, கோயில் உண்டியலா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

உள்ளே நடுவில் வெள்ளியாக ஓர் உருளை இருக்கிறது. கேசட்டின் நாடா அதைச் சுற்றித்தான் ஓடுமாம், படமும் குரலும் அதில்தான் எடுபடுமாம். அதன் உச்சியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். வட்டமாக, அழகாக. அப்பாவின் விரல் அளவு.

முப்பத்தொரு வருடம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா பஸ்ஸின் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்குப் பொட்டு வைப்பார், உனக்கும் தெரியும். வெளியே மட்டும் வைக்கிறவர்களைப் பார்த்து, "ஓடறது உள்ளதானே இருக்குது? தகரத்துக்கா பூஜ பண்றீங்க?" என்று கேட்பார். கேசட் ஏன் வெற்றிலை மேல் தனியாக இருந்தது என்று அன்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஈரச் சந்தனம் வழிந்து உருளை முழுவதும் பரவிவிட்டது. நாடா அதில் ஒட்டிக்கொண்டது. பிறகு காய்ந்து மண்ணாகி, ஓடும்போதெல்லாம் நாடாவை அரைத்திருக்கிறது. "எத்தினி வாட்டி ஓட்டுன?" என்று எழிலக்கா கேட்டார். நான் எண்ணிச் சொன்னேன். பதினெட்டு. நாடாவை வெளியே இழுத்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டியது, பல இடத்தில் கண்ணாடிக் காகிதம் போல வெளுத்து, அந்தப் பக்கம் தெரிகிறது. மீதி கசங்கிக் கிழிந்திருக்கிறது. வேறு கேமராவில் போட்டும் பார்த்தார். சத்தமே இல்லை. சென்னைக்கு எடுத்துப் போனால் என்றேன். "ஏமாத்த மாட்டேன்மா. போனது போனதுதான்" என்றார்.

கிளம்பும்போது அவர் கேட்டதை எழுதாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். "மொத நாளே டிவில மாட்டி ஒரு சாதா கேசட்டுல ஏத்தி வெச்சிருக்கலாம்ல? அதுக்கு ஒரு சாப்ட்வேரும் வேணாமே. ஒயரு பெட்டியிலயே இருந்திருக்குமே." இருந்தது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை. உறை கூடப் பிரிக்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா சிலேட்டைக் காட்டினார். "அனுப்பிட்டேன்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் அதைத் துடைத்துவிட்டு, இனி தினமும் காட்டப்போகும் அடுத்த கேள்வியை எழுதினார்: "கேட்டானா?"

மதி


ஷார்ஜா
24.11.2005

மதி,

வேண்டாம் என்று சொன்னது நான். கரகரவென்று ஆகிவிடும் என்று சொன்னது நான். திரும்பத் திரும்ப ஓட்டு என்று எழுதியதும் நான். உன்னைச் சந்தேகப்பட்டதும் நான். மன்னித்துவிடு.

பாலக்காட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பாவிடம் பொட்டு விஷயத்தைச் சொல்லாதே. எந்தக் காலத்திலும் சொல்லாதே. பாஸ்போர்ட்டைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், மார்ச்சுக்கு முன்னால் முடியாது என்கிறார்கள். அதுவரை அவர் தினமும் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அதனால் ஒன்று செய்திருக்கிறேன். தப்பாக இருக்கலாம். கேட்டுவிட்டேன் என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதினோரு முறை எழுதிக் கிழித்தேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து யோசித்து எழுதினேன். சவரம் செய்து, காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்தவர் திட்டுவதற்காக உட்கார்ந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. படித்துப் பார், சரியாக இருந்தால் கொடு.

மாறன்

*அப்பாவுக்கு, மாறன் வணக்கத்தோடு எழுதுவது. நீங்கள் பேசியதை மூன்று முறை கேட்டேன். என்னை மன்னித்துவிட்டீர்கள் என்பது இனி எனக்குப் போதும். அம்மா விஷயத்தில் என் தப்பை நான் மறக்கமாட்டேன். மார்ச்சில் வந்து உங்களைப் பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.*


அடி அண்ணாமலை
8.12.2005

அண்ணா,

அடுத்த வாரம் கார்த்திகை தீபம். கிரிவலப் பாதை முழுவதும் இப்போதே பந்தல் கட்டுகிறார்கள், ஒலிபெருக்கி சோதிக்கிறார்கள். வீட்டுக்குள் அதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

உன் கடிதத்தை முந்தாநாள் அப்பாவிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாய். நானும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று நம்பினேன். இந்தப் பொய் ஒரு மனிதருக்கு நிம்மதி கொடுக்குமானால் கொடுக்கட்டும் என்று நினைத்தேன். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், இதில் என்ன நடக்கும் என்று ஊகிக்க ஒன்றும் உதவவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு முறை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. உறைக்குள் விரலை விட்டுத் தேடினார். பிறகு சிலேட்டை எடுத்து எழுதினார்:

"நான் கேட்டதுக்கு பதில் எழுதலியே."

"இன்னாப்பா கேட்டீங்க?" என்றேன்.

யோசிக்காமல் வந்துவிட்டது, அண்ணா. என் சத்தியத்தை மீறி நான் கேசட்டைக் கேட்டிருந்தால் என்னிடமிருந்து இந்தக் கேள்வி வந்திருக்காது. நீ உண்மையில் கேட்டிருந்தால் அந்தக் கடிதம் அப்படி வந்திருக்காது. இரண்டையும் அவர் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார். அந்த முகத்தை உனக்கு எழுதமாட்டேன்.

கேசட் கெட்டுவிட்டது, யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன். சாப்ட்வேர் ஒத்துவரவில்லை, கேமரா பட்டியலிலேயே இல்லை, அதில்தான் கெட்டது என்றேன். நீ சொல்லாதே என்றதைச் சொல்லவில்லை. எப்படிக் கெட்டது என்று அவரும் கேட்கவில்லை. மெஷின்களோடு வாழ்ந்தவர். ஏன் கேட்கவில்லை என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஒரு ஏர் மெயில் தாளையும் பேனாவையும் வைத்து, "இப்ப எழுதுங்கப்பா. நான் பாக்க மாட்டேன். நீங்களே ஒட்டுங்க, அப்பிடியே அனுப்பிடறேன்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். இந்த முறை குழாயடிக்குப் போகவில்லை. போக வேண்டிய அவசியமில்லை, கேட்க ஒன்றும் இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே போனேன். தாள் வைத்த இடத்திலேயே வெள்ளையாக இருந்தது. பேனாவை மூடி வைத்திருந்தார். சிலேட்டில் எழுதியிருந்தார்:

"வாயால கேக்கறது அது. எழுத வராது."

மார்ச்சில் அண்ணன் நேரில் வருவார், அவரிடமாவது எழுதிக் காட்டுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்குப் புரியவில்லை. கழுத்தில் குழாய் இருப்பதால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கிறது. நேற்றில் இருந்து சிலேட்டைத் தொடவில்லை. காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார்.

இன்று காலை நான் கிளம்பும்போது கூப்பிட்டு உன் கடிதத்தை என் கையில் வைத்தார். மடித்தபடியே, உறையோடு. அதற்காக மட்டும் சிலேட்டை எடுத்து ஒரு வரி எழுதினார்: "இது எனக்கு வந்தது இல்ல."

இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

மதி